தன்பரிவுக்கு ஓர் எட்டு வாரப் பாடம்: எம்.எஸ்.சி. பயிற்சி வகுப்பு, ஒரு மதிப்பீடு

தன்னிடமே பரிவோடு நடந்துகொள்வதை ஒரு பாடமாக வகுத்து எட்டு வாரங்களில் சொல்லிக்கொடுக்கும் ‘மைண்ட்ஃபுல் செல்ஃப்-கம்பாஷன்’ என்ற பயிற்சி வகுப்பை இணைய வழியில் முழுமையாக முடித்தபின் இதை எழுதுகிறேன். சுருக்கமாக எம்.எஸ்.சி. என்கிறார்கள். ‘எம்.எஸ்.சி. வகுப்பு இருக்கிறது’ என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டபோது, இந்த வயதில் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கப் போகிறாய் என்று கேட்ட உறவினர்களும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட தியானங்களுக்காக மட்டும் இதில் சேர நினைப்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். அவை வேறு இடங்களில் இதைவிட நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. வேலைநாளின் நடுவே, சமையலறையிலும் பேருந்திலும் நோயாளியின் கட்டிலருகிலும் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சிறு பயிற்சிகளுக்காகவும், அவற்றை விடாமல் பழகவைக்கும் ஒழுங்குக்காகவும் சேர்வதென்றால் கொடுத்த காசு வீண்போகாது.

பாடத்திட்டத்தை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கல்வி உளவியல் துறையைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப். தன்பரிவு என்றால் என்ன என்பதை வரையறுத்தும், அதை அளக்க ஒரு கேள்விநிரலை வகுத்தும் 2003இல் அவர் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். அதற்கு முன்பு இது உளவியலில் அளந்து பார்க்கும் பொருளாக இருக்கவில்லை. மற்றவர், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு தொடர்புடைய உளவியல் சிகிச்சையாளர் கிறிஸ்டோபர் கெர்மர். மேடையில் பேச அஞ்சி நடுங்கியவர் தாம் என்பதையும், பதற்றத்தோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பதறுகிற தம்மையே ஆறுதல்படுத்தத் தொடங்கியபின்தான் அது தணிந்தது என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் 2010ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பாடத்தை வடிவமைத்து, பின்னர் 2012இல் அதைப் பரப்புவதற்கென லாபநோக்கற்ற மையம் ஒன்றையும் நிறுவினார்கள். எட்டு வாரம் என்ற சட்டகம், ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்பு வகுப்பிலிருந்து வந்தது. தனக்கும் பிற உயிர்களுக்கும் நலம் வேண்டும் பௌத்த மரபின் மைத்திரி தியானம் உள்ளே இழையோடுகிறது என்றாலும், வகுப்பில் சமயச் சடங்கு எதுவும் கிடையாது. எந்த நம்பிக்கை உள்ளவரும் நெருடலின்றி உட்காரலாம்.

வாரத்துக்கு ஓர் அமர்வு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அமர்வுகளுக்கு நடுவே ஒருமுறை, பேச்சில்லாமல் கழிக்கும் அரைநாள் பயிற்சி உண்டு. இவை தவிர, நாளொன்றுக்கு மொத்தம் அரைமணி நேரமாவது சொந்தமாகப் பழக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த அரைமணியை ஒரே இருப்பில் முடிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. சின்னச் சின்னப் பயிற்சிகளாக நாள் முழுவதும் சிதறிக் கிடந்தாலும் கணக்கில் சேரும் என்பது குடும்பஸ்தர்களுக்கு ஆறுதலான விதி.

தன்பரிவை நெஃப் மூன்று கூறுகளாகப் பிரிக்கிறார். தன்னைக் கடிந்துகொள்வதை விட்டுத் தன்னிடம் அன்பாக இருத்தல் முதலாவது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று ஒதுங்கிப்போகாமல், இடறுவதும் தோற்பதும் மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் பொது என்று உணர்தல் இரண்டாவது. வலியை மூடி மறைக்காமல், அதிலேயே மூழ்கியும் போகாமல், இருப்பதை இருப்பதாகக் கவனித்தல் மூன்றாவது. இது வெறும் கழிவிரக்கம்தானே என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது கூற்றில் பதில் இருக்கிறது. கழிவிரக்கத்தில் ஊரில் எவருக்கும் இல்லாத துயரம் தனக்கு வந்துவிட்டதாகத் தோன்றும்; தன்பரிவில் அதே துயரம் பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் இருப்பது தெரியும். தன்மதிப்பு என்று பள்ளிக்கூடங்களில் வளர்க்கச் சொல்வதிலிருந்தும் இது வேறுபட்டது. தன்மதிப்புக்கு ஏதோ ஒன்றில் நான்கு பேரைவிட மேலாக இருந்தாக வேண்டும். ஆகவே மதிப்பெண் குறைந்த அன்றே, மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது நம்மைக் கைவிட்டுவிடும். தன்பரிவு நம்மை நல்லவர் என்றோ வல்லவர் என்றோ நம்பச் சொல்வதில்லை. எனக்கு இந்த வகுப்பின் மேல் நம்பிக்கை பிறந்தது இந்த ஒரு காரணத்தால்தான். கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று சொல்லச் சொல்லும் பயிலரங்குகளில் எனக்கு எப்போதுமே பொறுமை இருந்ததில்லை.

சேர்ந்ததும் 26 வினாக்கள் கொண்ட கேள்விநிரலை நிரப்பச் சொன்னார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இதே கேள்விநிரல் நெஃபின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் அதை நிரப்பிப் பார்க்கலாம். வினாக்களில் பாதி பரிவைப் பற்றியவை, மறுபாதி தன்னிடம் காட்டும் கடுமையைப் பற்றியவை. அந்த மறுபாதி உண்மையில் மனச்சோர்வையும் பதற்றத்தையும்தான் அளக்கிறது என்று உளவியலாளர்கள் சிலர் வாதிட்டு வருகிறார்கள். ஆகவே கிடைக்கும் எண்ணுக்கு அளவுக்கு மீறி மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. வினாக்களைப் படிக்கும்போது எந்த வரியில் நம் கை தயங்கி நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்தான் பயன் இருக்கிறது.

முதல் அமர்வின் உயிர்நாடியான பயிற்சிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். நெருங்கிய நண்பர் ஒருவர் ஏதோ ஒன்றில் தோற்றோ அவமானப்பட்டோ நம்மிடம் வந்தால் என்ன சொல்வோம், எந்தக் குரலில் சொல்வோம், அப்போது நம் முகமும் கையும் எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்கிறார்கள். பிறகு அதே நிலைமை நமக்கே வந்தால் நமக்குள் நாம் என்ன சொல்லிக்கொள்வோம் என்று எழுதச் சொல்கிறார்கள். என் தாளில் முதல் பகுதியில் ‘விடுப்பா, யாருக்குத்தான் நடக்கல? முதல்ல சாப்டியா இல்லியா?’ என்று இருந்தது. இரண்டாம் பகுதியில் ‘உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?’ என்று இருந்தது. முதல் பகுதியை நாலைந்து வரிகள் எழுதியிருந்தேன். இரண்டாவது ஒரே வரியோடு முடிந்துவிட்டது, மேலே எழுத ஒன்றும் இல்லை. சொற்களைவிடக் குரலைக் கவனியுங்கள் என்று ஆசிரியர் சொன்னது சரியான இடத்தில் தைத்தது. நண்பருக்குச் சொல்லும்போது தாழ்ந்து வரும் குரல், தனக்குச் சொல்லும்போது பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் குரலாக மாறிவிடுகிறது. குழுவில் மற்றவர்கள் எழுதியதை இங்கே சொல்ல மாட்டேன். வகுப்பில் கேட்டது வகுப்போடு என்பது முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. பெரும்பாலோர் தாளும் என் தாளைப் போலத்தான் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

நம்மவர்களுக்கு இந்தப் பாடத்தின் மேல் எழும் முதல் ஆட்சேபணை, நான்காவது அமர்வில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திட்டினால்தான் பிள்ளை படிக்கும், கெடுபிடி காட்டினால்தான் வேலை நடக்கும் என்று நம்பி, பெரியவர்களானபின் அந்தப் பிரம்பை நாமே கையில் எடுத்துக்கொள்கிறோம். அதைக் கீழே போட்டுவிட்டால் சோம்பேறியாகிவிடுவோம் என்பது உண்மையான அச்சம். அதை வகுப்பு ஏளனம் செய்வதில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரைன்ஸ், சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றில் திணறிய மாணவர்களில், ‘இது பலருக்கும் கடினமாகத்தான் இருக்கிறது, உன்னை நீயே கடிந்துகொள்ளாதே’ என்ற தொனியில் ஆறுதல் பெற்றவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்து படித்தார்கள். வகுப்பில் இதைத் தொடர்ந்து வரும் பயிற்சியில், நம்மிடம் மாற்றிக்கொள்ள விரும்பும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உள்ளே திட்டும் குரல் என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். அந்தக் குரல் எதிலிருந்து நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று விசாரிக்க வேண்டும். பிறகு அதே அக்கறையை வேறொரு குரலில் எழுத வேண்டும். திட்டும் குரலை விரட்டச் சொல்லாமல் அதற்கும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரிப்பது, நான் எதிர்பாராத அணுகுமுறை. எட்டு அமர்வுகளில் எதை மட்டும் கேட்கலாம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மூன்றாம் வாரத்துக்குமேல் சிலருக்கு நிலைமை மோசமாவதுபோலத் தோன்றும் என்று தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுகிறார்கள். எரிகிற அறையின் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து தீ குப்பென்று வெளியே சீறுமே, தீயணைப்புத் துறையினரின் அந்த அனுபவத்தைத்தான் அவர்கள் உவமையாகச் சொல்கிறார்கள். நெடுநாள் மூடியிருந்த மனத்தில் அன்பு நுழையும்போது பழைய வலி அதேபோல வெளியேறும் என்பது விளக்கம். தன்னிடம் அன்பான சொல்லைச் சொல்லிக்கொள்ள முயன்றதும் காரணமில்லாமல் அழுகை வருவது, எரிச்சல் வருவது, ‘இதற்கெல்லாம் நீ லாயக்கா’ என்ற எண்ணம் முன்னைவிடப் பலமாக எழுவது எல்லாம் இதில் அடங்கும். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் பாடம் தெளிவாக இருக்கிறது: பயிற்சியை நிறுத்தலாம், கண்ணைத் திறக்கலாம், எழுந்துபோய்த் தேநீர் போடலாம், அந்த நேரத்தில் அதுவே தன்பரிவு என்கிறார்கள். இப்படி விட்டுவிட அனுமதிக்கும் பயிற்சி வகுப்புகள் குறைவு. வழக்கமாக இரண்டு ஆசிரியர்கள் இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஒருவர் நடத்தும்போது மற்றவர் தடுமாறுபவரைக் கவனித்துக்கொள்வார். செயலிகளிலும் ஒலிப்பதிவுகளிலும் கிடைக்காதது இது ஒன்றே என்று சொன்னாலும் தவறில்லை.

இனி, நான் மேலே மெச்சிய சிறு பயிற்சிகள். ‘தன்பரிவு இடைவேளை’ என்பது மூன்று வரிகள்: இது கஷ்டமான நேரம் என்று ஒப்புக்கொள்வது, கஷ்டம் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்வது, இந்த நேரத்தில் என்னிடம் நான் தன்மையாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது. கூடவே ஆறுதலான தொடுகை. நெஞ்சின்மேல் கை வைப்பதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அலுவலகத்தில் நெஞ்சின்மேல் கை வைத்தால் பக்கத்து மேசைக்காரர் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடுவார் என்று யாரோ சொல்ல, ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்தாலும் போதும், கைகளைக் கட்டிக்கொள்வதுபோல மேல்கையை மெல்லத் தடவினாலும் போதும் என்று ஆசிரியர் மாற்று வழிகளைக் காட்டினார். நான் இரண்டாவதைப் பழகிக்கொண்டேன். பார்ப்பவர்களுக்குக் குளிர்சாதனம் அதிகமாக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

‘உள்ளங்கால் பயிற்சி’ இன்னும் எளிது. நின்றபடி உள்ளங்கால் தரையைத் தொடும் உணர்வைக் கவனிக்க வேண்டும். உடலை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால் அழுத்தம் விரல்களுக்கும் குதிகாலுக்கும் மாறி மாறிப் போவது தெரியும். பக்கவாட்டில் அசைந்தால் ஓரங்களுக்குப் போகும். மனம் பழைய பேச்சுக்கே ஓடினால் மறுபடியும் காலுக்கு வர வேண்டும். இவ்வளவு சின்னப் பரப்பு நம் முழு எடையையும் நாள் முழுவதும் தாங்குகிறது என்று ஒரு நொடி நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நின்றுகொண்டே போகும் நகரப் பேருந்தில் சாய்வதற்கு ஓட்டுநரே ஏற்பாடு செய்துவிடுவதால் இந்தப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கோபம் தலைக்கேறும்போது கவனத்தை உடலில் தலைக்கு மிகத் தொலைவில் உள்ள இடத்துக்கு இறக்குவது என்ற அளவில் இதன் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. விளங்காவிட்டாலும் வேலை செய்கிறது.

ஏழாம் அமர்வு உறவுகளைப் பற்றியது, அதிலும் நோயாளிகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான பகுதி தனியே குறிப்பிடத் தக்கது. மூச்சை உள்ளே இழுக்கும்போது தனக்காக ஏதேனும் நல்லதொன்றையும், வெளியே விடும்போது எதிரிலிருப்பவருக்காக ஒன்றையும் எண்ணிக்கொள்ள வேண்டும். இவருடைய துன்பத்துக்கு நான் காரணமில்லை, முழுவதுமாகத் தீர்க்கும் சக்தியும் என்னிடம் இல்லை, முடிந்ததைச் செய்வேன் என்ற பொருளில் சில வாக்கியங்களை உள்ளுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். விளக்கேற்றும் நேரத்தில் என் தாயாருக்கு நினைவு குழம்பும். காலமாகிப் பல ஆண்டுகளான என் தந்தையை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி, ‘அப்பா வந்துட்டாங்களா கண்ணு?’ என்பார். ‘வந்துருவாங்கம்மா, நீங்க காப்பியக் குடிங்க’ என்பேன். டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்தபடி, அதே குரலில், அதே கேள்வி. முன்பெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் குரல் தடித்துப்போகும். தடித்ததற்காக இரவு முழுவதும் என்னையே நொந்துகொள்வேன். இப்போது காப்பியை ஆற்றும்போது, டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றும் நேரத்தில் ஒரு மூச்சு எனக்கு, டவராவிலிருந்து டம்ளருக்கு ஊற்றும் நேரத்தில் ஒரு மூச்சு அவருக்கு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். குரல் இப்போதும் சில நாட்கள் தடிக்கத்தான் செய்கிறது. இரவில் நொந்துகொள்வதுதான் குறைந்திருக்கிறது. பராமரிப்பவர்களுக்கு ‘பொறுமையாக இருங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்கள் ஏராளம். பொறுமை தீர்ந்தபின் என்ன செய்வது என்று சொன்னவர்களை நான் இந்த வகுப்பில்தான் கண்டேன்.

நீண்ட தியானங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்போடு மூச்சைக் கவனித்தல், தனக்கு நலம் வேண்டல், பரிவைக் கொடுத்தலும் வாங்கலும் என்று மூன்று முக்கியமானவை. மூன்றும் 20 நிமிடங்களை ஒட்டியவை. ஏற்கெனவே விபாசனாவோ வேறு தியானமோ பழகியவர்களுக்கு முதலாவது புதிதாக இராது. தனக்கு நலம் வேண்டும் வாக்கியங்களை நம் வாயில் இயல்பாக வரும் சொற்களிலேயே தேடிக்கொள்ளச் சொல்வதும், அதற்கென வகுப்பில் நேரம் ஒதுக்குவதும் நல்ல ஏற்பாடு.

இவையெல்லாம் வேலை செய்கின்றனவா என்றால், ஓரளவு நம்பிக்கை தரும் சான்றுகள் உள்ளன. 2013இல் நெஃபும் கெர்மரும் வெளியிட்ட ஆய்வில் 25 பேர் வகுப்பில் சேர்ந்தார்கள், 27 பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். சேர்ந்தவர்களிடம் தன்பரிவு கூடி, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஓராண்டுக்குப் பின்னும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. ஆனால் எண்ணிக்கை சிறிது. பெரும்பாலோர் நடுத்தர வயதுப் பெண்கள். ஆய்வாளர்களே பாடத்தை உருவாக்கியவர்கள். காத்திருப்பவர்களோடு ஒப்பிடும்போது, வாரந்தோறும் ஒரு குழுவில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதால் வந்த நன்மையையும் பயிற்சியால் வந்த நன்மையையும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைவிட என்னைக் கவர்ந்தது நியூஸிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு. சர்க்கரை நோயாளிகள் 63 பேரிடம் நடத்தப்பட்ட அச்சோதனையில், இந்த எட்டு வார வகுப்பில் சேர்ந்தவர்களின் மனச்சோர்வு குறைந்ததோடு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி இறங்கியது. சர்க்கரை கூடிவிட்டதென்று பரிசோதனைக் கூடத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், நம்மூரில் அதற்கும் ஆட்கள் உண்டு.

குறைகளுக்கு வருகிறேன். நான் சேர்ந்த குழு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. விளக்கங்களைப் பின்தொடர்வதில் சிரமமில்லை. அழுகை தொண்டையில் நிற்கும்போது ஆங்கிலத்தில் வாக்கியம் அமைப்பதுதான் சிரமம். அமர்வுகளுக்கு நடுவே வாசிக்கப்படும் ஆங்கிலக் கவிதைகள் சிலருக்குக் கண்ணீர் வரவழைத்தன. எனக்குக் கொட்டாவி வந்தது. முன்பின் அறியாதவர்கள் மூன்று மூன்று பேராகப் பிரிந்து உடனே உள்ளத்தைத் திறக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் நமக்குப் புதிது. பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற சலுகை உண்டு, ஆனால் மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வாய் திறக்காமல் இருப்பது சங்கடமாகத்தான் இருக்கும். பாடத்தின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தனியாளை மையமாகக் கொண்டவை. என் தவறுக்கு நான் என்னைத் திட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்க, மாமியாரும் மேலதிகாரியும் அக்கம்பக்கமும் சேர்ந்து திட்டும்போது உள்ளே இருக்கும் குரல் எது, வெளியே இருக்கும் குரல் எது என்று பிரிப்பதே பெரும்பாடு; இதற்குப் பாடத்தில் போதிய இடமில்லை. அநியாயத்தைக் கண்டு ‘முடியாது’ என்று சொல்வதும் தன்பரிவுதான் என்று நெஃப் அண்மை ஆண்டுகளில் வற்புறுத்தி வருகிறார். அந்தக் குரல் எட்டு வாரங்களிலும் இன்னும் பலமாக ஒலித்திருக்க வேண்டும்.

நடைமுறைக் குறைகள் தனி. எங்கள் குழுவை ஏற்பாடு செய்தவர்கள் ஓர் அமர்வின் நேரத்தை அன்று மதியம்தான் மாற்றித் தெரிவித்தார்கள். கேள்விகளுக்குப் பதில் வரத் தாமதமாகும். கட்டணம் நடத்துபவருக்கு நடத்துபவர் மாறுகிறது; நான் கட்டியது சம்பளத்தில் உறுத்தும் அளவுக்கு இருந்தது. வசதி குறைந்தவர்களுக்குச் சலுகை தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம்.

இவ்வளவு பணமும் நேரமும் இல்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நெஃபும் கெர்மரும் தங்கள் இணையதளங்களில் தியான ஒலிப்பதிவுகளையும் எழுத்துப் பயிற்சிகளையும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து எழுதி 2018இல் வந்த பயிற்சிநூல், வகுப்பின் உள்ளடக்கத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகவே தருகிறது. தனியாக அதைப் பிடித்து முடிக்கும் மனவுறுதி உள்ளவர்கள் வகுப்பைத் தவிர்க்கலாம்; எனக்கு அது கிடையாது. செவிலியர், மருத்துவர் முதலியோருக்கென்று ஒரு மணி நேர அமர்வுகள் ஆறு கொண்ட சுருக்கப் பாடமும், பதின்பருவத்தினருக்கெனத் தனிப் பாடமும் இருக்கின்றன. இரவுப்பணி பார்க்கும் செவிலியர் எவரிடமும் எட்டு வாரப் பாடத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது; அந்த ஆறு மணி நேரப் பாடத்தைத் தயங்காமல் சொல்வேன்.

இது சிகிச்சை அன்று; அப்படி உரிமை கொண்டாடவும் இல்லை. சேரும்போதே மனநலம் பற்றிய கேள்விகள் அடங்கிய படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். அண்மையில் பெரும் இழப்பைச் சந்தித்தவர்களும், ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவர்களும், பழைய கொடுமைகளின் நினைவு இன்னும் வாட்டுபவர்களும் அதை ஒளிக்காமல் நிரப்ப வேண்டும். முதலில் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்துவிட்டு வருவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. தன்னைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிக்கொண்டு, ஆனால் வேலையையும் வீட்டையும் எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கும் பெரும்பான்மையோருக்கானது இந்த வகுப்பு.

சேர முடிவு செய்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. மையத்தின் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியை முடித்தவர், அதற்கு மேலும் சென்று சான்றிதழ் பெற்றவர் என்று அதில் இரண்டு படிகள் உண்டு. உங்கள் ஆசிரியர் எந்தப் படியில் இருக்கிறார் என்று பாருங்கள். இரண்டாவது ஆசிரியர் உண்டா, குழுவில் எத்தனை பேர், ஓர் அமர்வு தவறினால் என்ன ஏற்பாடு, பாதியில் விலகினால் பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆசிரியர் நடத்தும் குழு என்றால் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்த்துவிடுங்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இரவுக் குழுவைவிட ஞாயிறு காலைக் குழுவே மேல். இரவு பத்தரைக்கு அமர்வு முடிந்து மடிக்கணினியை மூடினால் உடனே தூக்கம் வராது, மறுநாள் காலை பால்காரர் மணியடிக்கும்போது எழுந்திருக்கவும் முடியாது.